விசிலா, சைரனா? டர்போ மாட்டிய கார் போடும் சத்தம்!

"உய்ய்ய்ய்..."

கருங்கல் பக்கமிருந்து இனயத்துக்கு வரும் ரோட்டில் ஒரு டீசல் கார். வண்டி பழசு. டர்போ புதுசு. மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மேட்டில் ஏறினால் விசில். வேகம் எடுத்தால் "புஸ்". நின்றால் "கட கட".

"என்ன சத்தம் மக்கா அது?" என்று கேட்கிறார் பக்கத்தில் இருக்கும் பெரியவர்.

"டர்போன்னா அப்படித்தான் மாமா இருக்கும்" என்கிறார் ஓட்டுகிறவர். கையை நீட்டி, பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.

இப்போது சத்தம் கேட்கவில்லை. ஆனால் கோளாறு போய்விட்டதா? இல்லை. பாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது!

இது ஏதோ ஒரு காரின் கதை அல்ல. வெளியில் இருந்து டர்போ வாங்கி மாட்டிய பல கார்களின் கதை இதுதான்.

இன்னொரு ரகமும் உண்டு. சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் போதும். "டர்போ போச்சு!" என்று தலையில் கை வைத்துவிடுவார்கள். இன்னொரு டர்போ வாங்கி மாட்டுவார்கள். அதே சத்தம் மறுபடியும் வரும். கடைசியில் பார்த்தால், ரப்பர் குழாயில் இருக்கும் கிளிப் லூசாக இருந்திருக்கும்!

முதல் ஆள் சத்தத்தை மதிக்கவில்லை. இரண்டாவது ஆள் சத்தத்தைக் கண்டு மிரண்டுவிட்டார். இருவருக்கும் பர்ஸ் காலி.

சத்தம் என்பது வண்டி பேசும் பாஷை. அது என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கக்கூடாது.

ஆசையில் தப்பு இல்லை

டர்போ மாட்டுகிறவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது.

குமரி மாவட்டத்து ரோடு மேடும் பள்ளமுமாகப் போவது. குடும்பத்தோடு ஆறு பேர் ஏறிவிட்டால், பழைய டீசல் வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். புது வண்டி வாங்கப் பணம் கிடையாது. கடலுக்குப் போயோ, வளைகுடா நாட்டில் வெயிலில் நின்றோ சம்பாதித்த காசு. இருக்கிற வண்டிக்கே கொஞ்சம் 'இழுவை' வந்தால் நல்லதுதானே என்று நினைக்கிறார்கள்.

அதோடு, கடற்கரை ஊரில் கார் என்பது வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தம் அல்ல. நடுராத்திரி 2 மணிக்குப் பிரசவ வலி என்றால், தெருவில் நிற்கும் அந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

அப்படிப்பட்ட வண்டி வழியில் நின்றுவிட்டால்? அதனால்தான் இந்தச் சத்தம் சாதாரண விஷயம் அல்ல.

பாதிக் காற்று கூடுதல்

டர்போ என்பது மந்திரம் அல்ல. ஒரு அச்சு. அதன் இரண்டு முனையிலும் இரண்டு சக்கரம். என்ஜின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அடுத்த சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது.

இனயம் போன்ற கடல் மட்டத்து ஊரில், ஒரு சதுர அங்குலத்தின் மேல் காற்று 14.7 பவுண்டு அழுத்துகிறது. டர்போ அதற்கு மேல் 7 பவுண்டு தள்ளினால், ஏறக்குறைய பாதிப் பங்கு காற்று கூடுதலாக உள்ளே போகிறது. காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம். இழுவை வருகிறது.

அந்த அச்சு சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல்! சின்ன டர்போ என்றால் 2 லட்சத்தைக்கூடத் தொடும். ஒரு பக்கம் புகையின் சூடு 700 டிகிரிக்கு மேல். இவ்வளவு வேகத்தையும் சூட்டையும் தாங்குவது எது? முடி அளவுகூட இல்லாத மெல்லிய ஆயில் படலம்!

அந்த ஆயில் சில நொடி வராவிட்டாலும் போதும். கதை முடிந்தது.

கடலில் ஜெயித்த சாமான்

டர்போவுக்கும் கடலுக்கும் பழைய உறவு உண்டு.

இதைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி. 1905-ம் ஆண்டே காப்புரிமை வாங்கினார். ஆனால் 20 ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. 1920-களின் நடுவில் 2 ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் என்ஜினில் டர்போ பொருத்தப்பட்டது. 1,750 குதிரைச் சக்தி 2,500 ஆக உயர்ந்தது. அதன் பிறகுதான் உலகம் நம்பியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கண்டுபிடித்தவருக்கே அதை என்ஜினோடு ஒத்துப்போக வைக்க 20 ஆண்டுகள் ஆயின. நம்ம ஊரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைப்பது கொஞ்சம் அதிகம்!

கடலில் உள்ள காது எங்கே?

இனயத்துக்காரர்களுக்குச் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியது இல்லை.

1980-களில் இந்தக் கரையில் வள்ளங்களுக்கு அவுட்போர்டு என்ஜின் பரவியது. அன்று முதல் காது தீட்டிய ஊர் இது. கரையில் இருந்து பல மைல் தூரத்தில் என்ஜின் நின்றுவிட்டால், அங்கே ஒர்க்ஷாப் கிடையாது. அதனால் என்ஜின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் வள்ளத்தில் உள்ள எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். என்ஜினின் பின்பக்கம் குளிர்ச்சித் தண்ணீர் பீச்சி அடிக்கிறதா என்று கண் அங்கேயே இருக்கும். தண்ணீர் நின்றால் என்ஜினை உடனே நிறுத்துவார்கள். "பார்த்துக்கலாம்" என்று சொல்ல மாட்டார்கள்.

அதே ஆள் கரைக்கு வந்து காரில் ஏறியதும் பாட்டைக் கூட்டி வைப்பது ஏன்?

கடலில் உள்ள காது ரோட்டிலும் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எந்தச் சத்தம் என்ன சொல்கிறது?

எல்லாச் சத்தமும் ஒன்று அல்ல. கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

மெல்லிய விசில்: வேகத்தோடு ஏறி, வேகத்தோடு இறங்கும் மெல்லிய விசில் டர்போவின் இயல்பான குரல். இதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நேற்று மெல்லியதாக இருந்தது இன்று காதைக் கிழித்தால், அது வேறு சமாச்சாரம்.

"புஸ்" என்ற காற்றுச் சத்தம்: வண்டி பாரம் இழுக்கும்போது மட்டும் வருகிறதா? இழுவை குறைந்து, டீசல் வண்டி கறுப்புப் புகை தள்ளுகிறதா? அமுக்கிய காற்று எங்கோ கசிகிறது. ரப்பர் குழாய், கிளிப், காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. புதிதாக டர்போ மாட்டிய வண்டியில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இதுதான். செலவும் குறைவு.

"டிக் டிக்": காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும். சூடானதும் குறையும். புகை வெளியேறும் மேனிபோல்டு இணைப்பில் கேஸ்கட் கசிகிறது அல்லது போல்ட்டு லூஸ். இரும்பு சூடானதும் விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்வதால் சத்தம் மறைகிறது. இணைப்பில் கரி படிந்த கோடு இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். "சூடானா சரியாயிடுது" என்று விட்டுவிடக்கூடாது. கசியும் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யில் தூங்கும் குழந்தைக்கு அது எமன்.

"கட கட" என்ற தகரச் சத்தம்: பெரும்பாலும் சூட்டைத் தடுக்கும் தகடு ஆடும். அல்லது கூடுதல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவின் கை தேய்ந்து ஆடும். முதலாவது ஒரு போல்ட்டு வேலை. இரண்டாவது கவனிக்க வேண்டிய வேலை.

காலை எடுத்ததும் "தத்தத்தத்": புறா சிறகடிப்பது போல இருக்கும். பெட்ரோல் வண்டியில் கதவு மூடியதும், போக வழியில்லாத காற்று திரும்பி வந்து சக்கரத்தில் மோதுகிறது. காற்றை விடும் வால்வு இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சிலருக்கு இந்தச் சத்தம் கேட்கக் கேட்க ஜோராக இருக்கும். ஆனால் பலமாக விடாமல் அடித்தால் டர்போவின் பேரிங்குக்கு ஆகாது. பழைய டீசல் என்ஜினில் அந்தக் காற்றுக் கதவே கிடையாது. அதற்குப் போய் 'புஸ்' வால்வு மாட்டுவது வெறும் படம் காட்டுவது!

நிறுத்து... உடனே நிறுத்து!

மூன்று சத்தம் கேட்டால் யோசனையே கூடாது. வண்டியை ஓரம் கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும்.

ஒன்று, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம். பெட்ரோல் வண்டியில் வேகம் எடுக்கும்போது வரும். உள்ளே பெட்ரோல் நேரம் கெட்ட நேரத்தில் வெடிக்கிறது. காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை அல்லது தீப்பொறி வரும் நேரம் சரியில்லை. இப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இரண்டு, போலீஸ் சைரன் போல ஊளையிடும் சத்தம். கூடவே நீலப் புகை. டர்போ அச்சின் பேரிங் தேய்ந்து, சக்கரம் சுவரில் உரசத் தொடங்கிவிட்டது.

டீசல் வண்டியில் இதற்கு மேலும் ஒரு ஆபத்து உண்டு. டர்போவில் இருந்து கசியும் ஆயிலையே என்ஜின் குடித்து ஓட ஆரம்பித்துவிடும். சாவியை நிறுத்தினாலும் நிற்காது! வேகம் தானாக ஏறும். கியர் வண்டி என்றால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தி, கிளட்சை விட்டால் மூச்சு அடைத்து நிற்கும். அதுவும் முடியாவிட்டால் எல்லோரும் இறங்கி விலகி நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

மூன்று, அடிவயிற்றில் இருந்து வரும் "டொக் டொக்". இது டர்போ அல்ல. என்ஜினின் உள்ளே பெரிய பேரிங் அடிபடுகிறது.

மலிவானதில் இருந்து தொடங்கு

கோளாறு தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. மலிவானதும் சுலபமானதும் முதலில். விலை அதிகமானது கடைசியில். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. அங்கேதான் வாடிக்கையாளரின் பணம் கரைகிறது.

முதலில் கேள்வி. சத்தம் எப்போது வருகிறது? குளிர்ந்திருக்கும்போதா, சூட்டிலா? நிற்கும்போதா, மேட்டிலா? காலை வைத்தாலா, எடுத்தாலா? இந்த மூன்று கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுபோவது இன்னும் நல்லது. ஒர்க்ஷாப்பில் போய் நின்றதும் வண்டி நல்ல பிள்ளையாக மாறிவிடும் அல்லவா!

அடுத்து கண். ஆயில் அளவு சரியா? குழாய் எங்காவது உரசுகிறதா? கிளிப் எல்லாம் இறுக்கமா?

அடுத்து சோப்புத் தண்ணீர். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கும் அதே வித்தைதான். என்ஜினை நிறுத்தி, காற்றுக் குழாயின் ஒரு முனையை அடைத்து, டர்போ தரும் அழுத்தத்தைத் தாண்டாமல் மெதுவாகக் காற்று விடவேண்டும். லாரி டயருக்கு அடிக்கும் காற்றை அப்படியே திறந்துவிட்டால் குழாய் பிய்ந்துகொள்ளும். சோப்பு நுரை எங்கே கொப்பளிக்கிறதோ, அங்கே கசிவு.

அடுத்து காது. நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார்கள் பழைய மெக்கானிக்குகள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது மாதிரி. பெல்ட்டும் பேனும் சுற்றும் பக்கம் மட்டும் போகக்கூடாது.

கடைசியில்தான் டர்போ. என்ஜின் ஆறிய பிறகு குழாயைக் கழற்றி அச்சை விரலால் அசைத்துப் பார்க்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பாருங்க அண்ணே, ஆடுது. டர்போ காலி!" என்று சொல்லிவிடுவார்கள். புஷ் பேரிங் உள்ள டர்போவில், ஆயில் இல்லாமல் பார்த்தால், அச்சு பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அது கோளாறு அல்ல. உள்ளும் புறமும் ஆடினாலோ, சக்கரம் சுவரைத் தொட்டாலோதான் கோளாறு.

டர்போ உண்மையிலேயே செத்துப்போயிருந்தால், புதுசு மாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஏன் செத்தது? ஆயில் வரும் சின்னத் துவாரத்தை கேஸ்கட் பசை அடைத்திருக்கலாம். ஆயில் திரும்பும் குழாய் சரிவாக இல்லாமல் மேல்நோக்கி வளைந்திருக்கலாம். குழாய்க்குள் ஒரு நட்டோ துணியோ மறந்து கிடந்திருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால், அடுத்த டர்போவுக்கும் அதே சாவுதான்.

உப்பும் மணலும்

கடற்கரை வண்டிக்கு இன்னும் இரண்டு எதிரி.

உப்புக் காற்று கிளிப்பையும் போல்ட்டையும் தகட்டையும் அரிக்கும். இன்டர்கூலரின் அலுமினியத்தையும் விடாது. உள்ளூர் வண்டியில் இணைப்புகளை அடிக்கடி பார்க்கவேண்டும்.

அடுத்தது மணல். மணவாளக்குறிச்சியில் தோரியம் உள்ள கனிம மணலைத் தோண்டி எடுக்கும் அளவுக்குப் பேர்போன கரை இது. அந்த மணல் துகள் லட்சம் சுற்று வேகத்தில் சுற்றும் சக்கரத்தில் பட்டால், இதழ் தேய்ந்துபோகும். 'சவுண்டு' வரவேண்டும் என்று கம்பெனி ஏர்பில்டர் டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, திறந்த கூம்பு பில்டர் மாட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

டர்போ இல்லாமலே டர்போ சத்தம்!

கூத்து இதோடு முடியவில்லை. சைலன்சர் வாயில் சொருகும் விசில் ஒன்று கடையில் விற்கிறது. டர்போவே இல்லாத வண்டியும் டர்போ போல ஊளையிடும்! நல்ல வண்டியைக் காசு கொடுத்து நோயாளி போல இரும வைப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

வீண் சத்தம் போட்டால் சட்டமும் சும்மா இருக்காது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சத்தம் மற்றும் புகை விதியை மீறும் வண்டியை ஓட்டினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் செல்லாது.

அனுமதி இல்லாத மாற்றத்துக்குத் தனிக் கணக்கு. மாற்றம் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. கேரளத்தில் இருந்து போன வழக்கு அது. சொல்லாமல் செய்த மாற்றம் என்று தெரிந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டுக்குக் கையை விரிக்கவும் இடம் உண்டு.

எனவே டர்போ வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்க் கேட்பதுதான் முதல் வேலை.

"கம்பெனிக்காரன் மட்டும் மாட்டலாமா?"

நியாயமான கேள்வி. இன்று சில சின்னப் பெட்ரோல் கார்கூட டர்போவோடு வருகிறது. அது கெட்டுப்போகவில்லையே?

பதில் இதுதான். அந்த என்ஜின் டர்போவுக்காகவே பிறந்தது. பிஸ்டன், கேஸ்கட், ஆயில் வழி, குளிர்விக்கும் ஏற்பாடு எல்லாம் அதற்குத் தக்கபடி செய்தவை. கூழாங்கல் சத்தம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்து, தீப்பொறியைத் தள்ளிப்போடக் கம்ப்யூட்டர் இருக்கிறது. டர்போ இல்லாமல் பிறந்த பழைய என்ஜின் அப்படி அல்ல. ஒரு மூட்டை சுமந்தவன் தலையில் ஒன்றரை மூட்டையை ஏற்றுவது போல. சுமப்பான். எத்தனை நாள்?

பில்லும் வேண்டும், பதிலும் வேண்டும்

கடைசியாக ஒர்க்ஷாப்காரர்களுக்கு ஒரு வார்த்தை.

டர்போவை மாட்டிக் கொடுத்துவிட்டு, "ஓட்டிப் பாருங்க, சரியாயிடும்" என்று அனுப்புவது தொழில் தர்மம் அல்ல. எந்த டர்போ, எத்தனை பவுண்டு அழுத்தம், எந்த ஆயில், எப்போது மாற்றவேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதித் தரவேண்டும். நன்றாக ஓடிவந்த வண்டியை நிறுத்துவதற்கு முன், ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அப்புறம் நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். முதல் 100 கிலோ மீட்டர் ஓடியதும் எல்லாக் கிளிப்பையும் மறுபடி இறுக்கிக் கொடுக்கவேண்டும். அதுவரை வேலை முடிந்ததாகக் கணக்கு இல்லை.

வாடிக்கையாளரும் வாயைத் திறந்து கேட்கவேண்டும். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லவேண்டும். "ஏன் கெட்டுச்சு?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாதவர் கையில் இரண்டாவது டர்போவுக்குப் பணம் கொடுக்கக்கூடாது.

கடலில் என்ஜின் சத்தம் மாறினால் வலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஊர் இனயம். ரோட்டிலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும்.

பாட்டு எங்கேயும் ஓடிப்போகாது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்கட்டும்!